நாலாவது ஆள் இல்லாத படம்

மூன்று பேர் என்றால் மூன்று பேர், அதற்கு மேல் அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஏகாம்பரம் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே கூழ் அண்டாவைப் படம் எடுத்தார், அண்டாவுக்குள் துடுப்பு போட்டுக் கிளறும் கைகளை எடுத்தார், கைகளுக்கு மேலே எழும்பும் ஆவியை எடுத்தார், ஆவி படத்தில் சரியாக விழாது, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் விழும், அதற்கு அண்டாவுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், அந்தப் பக்கம் வேப்பமரத்து நிழலில் அவர் மனைவி கோமளா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போகவில்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அயனாவரம் கங்கையம்மன் கோயில் தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள். இந்தத் தெருவில் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து ஒரு வருஷமும் விடாமல் அவர் இதை எடுத்துக்கொண்டிருக்கிறார். முதல் வருஷம் கோயில் கமிட்டி கூப்பிட்டு எடுக்கச் சொன்னது, அப்புறம் கமிட்டி சொல்வதை விட்டுவிட்டது, அவர் எடுப்பதை விடவில்லை. ரேஷன் கடை வரிசை, அடிபம்பு இருந்த இடம், அடிபம்பைப் பிடுங்கிய பிறகு அந்த இடத்தில் நின்ற ஆட்டோக்கள், மழைத் தண்ணீரில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, வாசலில் ஷாமியானா போட்ட சாவு என்று தெருவில் நடந்த எல்லாமே அவரிடம் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம். காலையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கோமளா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டாள். நாளைக்கு அட்மிட் ஆவறதுக்கு முன்னால நாம மூணு பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கலாங்க, என்றாள். பார்க்கலாம் என்றார் இவர். பார்க்கறதுக்கு இன்னா கீது, எடுக்கறது உங்க வேலதான, என்றாள். பாத்ரூம் வாசலில் பிரஷ்ஷும் வாயுமாக நின்றுகொண்டிருந்த மகள் யாமினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாமினி பெங்களூரில் வேலையில் இருப்பவள், அம்மாவின் ஆபரேஷனுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

இந்தத் தெருவில் மூன்று பேராக யாரும் போட்டோவுக்கு நிற்க மாட்டார்கள். நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. ஆகாது என்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புருஷன் பெண்டாட்டி குழந்தை என்று வருவார்கள், அக்கா தங்கைகள் மூவராக வருவார்கள், செருப்பைக் கழற்றும்போதே எண்ணிப் பார்த்துவிட்டு, அண்ணா இன்னும் ஒர்த்தர் வேணுமே என்று நிற்பார்கள். சில ஸ்டுடியோக்களில் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து அதையும் ஓர் ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஏகாம்பரம் தொழிலுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தார், சிரித்ததில் ஒரு குடும்பம் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போயே போய்விட்டது. அடுத்த முறை அவர் சிரிக்கவில்லை, உள்ளே பார்த்து கோமளாவைக் கூப்பிட்டார். கல்யாணமாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தவள் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். அவங்கள விட்டு ஒரு கை தள்ளி நில்லு என்றார். அவ்வளவுதான். ஃபிலிமில் நாலு பேர் ஆகிவிட்டது, பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டிவிட்டால் அவர்கள் கைக்குப் போவது மூன்று பேர் படம். இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று யோசித்தால் தலை சுற்றும், ஆனால் வந்தவர்களுக்குத் திருப்தி, அவருக்கும் திருப்தி. அன்றிலிருந்து அவள்தான் நாலாவது ஆள். போகப் போக அதில் தேறிவிட்டாள். நிழல் அடுத்தவர் மேல் விழாமல் நிற்பாள், முந்தானை காற்றில் பறந்து படத்துக்குள் போய்விடாமல் முறுக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள், அப்படியும் சில வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் அவளுடைய முழங்கை ஒன்று, நாலு வளையல், பச்சைப் புடவையில் ஒரு துண்டு மட்டும் வெட்டுக்குத் தப்பி நின்றுவிட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது யாருடையது என்று ஞாபகம் இருக்காது. ஃபிலிமில் எல்லாம் இருக்கிறது. எவரோ ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் யாமினியை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், வேறு எவரோ இரண்டு பேருக்கும் ஒரு குழந்தைக்கும் பக்கத்தில் முதல்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறாள், காதோரம் நரைத்து, கன்னம் வற்றி, ஒரு கை தள்ளி.

அப்படிப்பட்டவள் கேட்கிறாள், மூன்று பேர் போதும் என்று. அதுதான் இடறிக்கொண்டே இருந்தது. காலையிலேயே அவர் பிடியைத் தளர்த்திப் பார்த்தார், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்கலாமே, உன் மேல அவ்ளோ பிரியமா இருக்குதே என்றார். கோமளா அசரவில்லை, நாம மூணு பேருதான் என்றாள். இல்ல, மூணு பேருன்னா, என்று இழுத்தார். மூணு பேருதான கீறோம், நாலாவதா ஒண்ண இனிமேட்டு பெத்துகினு வர முடியுமா என்றாள். யாமினி பிரஷ்ஷோடு சிரித்துவிட்டாள். இவரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வது. வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம் இல்லை. அவரும் யாமினியும் இருக்கும் படம் உண்டு, கோமளாவும் யாமினியும் இருக்கும் படம் ஒரு மூட்டை உண்டு, கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களோடு கும்பலாக நிற்கும் படம் உண்டு. மூன்று பேர் மட்டும் என்று ஒன்று கிடையாது. அவருக்கு அதில் நம்பிக்கை என்று நினைத்துவிடக் கூடாது, அவர் வாயால் கேட்டால் நேரம் அமையவில்லை என்பார். ஒரே வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கு, அதுவும் கீழே ஸ்டுடியோ மாடியில் வீடு என்று இருக்கிறவர்களுக்கு, மகள் பள்ளிக்கூடம் போய், காலேஜ் போய், வேலைக்கும் போன பிறகும் நேரம் அமையவில்லை.

கோயில் வாசலில் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கமிட்டி படத்துக்கு வரச் சொல்லி லோகநாதன் மைக்கிலேயே கூப்பிட்டார். லோகநாதன் கமிட்டித் தலைவர், அவரை எடுப்பதில் ஏகாம்பரத்துக்கு ஒரு சிரமமும் இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் நடுவில் அவர்தான் இருப்பார். ஒரு வருஷம் அலங்காரம் செய்த அம்மனையே கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டு நின்றவர். கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள், நின்றதும் வழக்கம்போல நெரிசல் ஆரம்பித்தது, ஓரத்தில் நின்றவர் தோளை உள்ளே கொடுத்தார், உள்ளே நின்றவர் நடுவுக்கு நகர்ந்தார், நடுவில் நின்றவர் காலை ஊன்றிக்கொண்டார். ஏழெட்டுப் பேர் என்றால் நடு இடத்துக்கு அடிதடி, மூன்று பேர் என்றால் அதே இடத்தில் நெருப்பு பற்றி எரிகிற மாதிரி ஒதுங்குகிறார்கள். இத்தனை வருஷம் பார்த்தும் இன்றைக்குத்தான் இது அவருக்கு இப்படித் தோன்றியது. ஏகா, உன் சம்சாரத்துக்கு எப்போ ஆபரேஷன் என்று வரிசையில் நின்றபடியே லோகநாதன் கேட்டார். நாளைக்கு அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன் என்றார் இவர், ஏதோ கரண்ட் பில் கட்டும் தேதியைச் சொல்வதுபோல. அம்மா பாத்துக்கும்பா, என் தல நடுவுல வர்ற மாரி எடு என்றார் லோகநாதன், இரண்டையும் ஒரே மூச்சில். ஏகாம்பரத்துக்குக் கோபம் வரவில்லை. தலை நடுவில் வருகிற மாதிரியே எடுத்தார்.

டாக்டர் ஒரு காகிதத்தில் இதயத்தைப் படம் போட்டுக் காட்டியிருந்தார், மாங்காய் மாதிரி ஒன்று, உள்ளே நாலு அறை, ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவில் ஒரு கதவு, அந்தக் கதவு சரியாகச் சாத்துவதில்லை, அதை எடுத்துவிட்டு வேறு கதவு வைக்க வேண்டும். இப்பல்லாம் இது சாதாரணம், நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான், என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஒன்றிரண்டு பேருக்கு என்ன என்று அவரும் சொல்லவில்லை. ஆகாது என்பதோடு தெரு நிறுத்திக்கொள்கிறது, நூற்றில் ஒன்று இரண்டு என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொள்கிறார், இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று ஏகாம்பரத்துக்கு அப்போது தோன்றியது. கோமளா மட்டும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், நல்லா போட்டுக்கீறாரு இல்ல, என்றாள். கீழே இறங்கி நடக்கும்போது மருந்துக் கடை வாசலில் ஒரு தடவை, பெட்டிக்கடை வாசலில் ஒரு தடவை நின்றாள், மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மாட்டாள், கடையில் தொங்குவதையெல்லாம் வேடிக்கை பார்ப்பது போல நிற்பாள். அவரும் கூட நின்று வேடிக்கை பார்ப்பார். அன்றைக்குப் பெட்டிக்கடையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகளை இரண்டு பேரும் வெகு நேரம் பார்த்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. அதுதான் காலையிலிருந்து அடியில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அல்லது மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, தனியாக வந்து உட்காருவார்கள். எதுக்கு, பாஸ்போர்ட்டுக்கா என்று கேட்டால், இல்ல, சும்மா, ஒண்ணு இருக்கட்டும்னுதான் என்பார்கள். அந்த ஒண்ணு இருக்கட்டும் எந்த அளவில் பெரிதாகித் திரும்பி வரும், யார் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், எந்தச் சுவரில் எந்த மாலைக்குள் போகும் என்பதெல்லாம் ஏகாம்பரத்துக்குத் தெரியும். எல்லோருடையதும் அப்படித் திரும்பி வருவதில்லை, முக்கால்வாசிப் பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், காய்கறிக் கடையில் பார்த்தால் சிரிக்கிறார்கள். ஆனாலும் தெரியும். கோமளா இன்றைக்கு மாம்பழக் கலர் புடவை கட்டியிருக்கிறாள். கூழ் ஊற்றுகிற நாளில் எல்லாப் பெண்களும் மஞ்சளில் ஏதாவது கட்டத்தான் செய்வார்கள், இதில் ஒன்றுமில்லை. அண்டாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே நீளமான லென்ஸை மாட்டி அவளைப் பார்த்தார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லென்ஸில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள், கண்ணை எடுத்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். இரண்டு மூன்று காம்பு உருவுகிறாள், நிறுத்துகிறாள், தோள் ஏறி இறங்குகிறது, மறுபடி உருவுகிறாள். கை பழக்கத்தில் அமுக்கிவிட்டது. எடுத்த படத்தைத் திரையில் பார்த்தார், நல்ல படம், முகத்தில் இலை இடுக்கு வெயில் விழுந்து, கூட யாரும் இல்லாமல், தனியாக, நேராக. பார்த்ததும் அதை அழித்துவிட்டார். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவனின் படத்தைக்கூட அழிக்காத மனிதர்.

அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவன் மணவாளன். நெற்றியெல்லாம் வியர்வை, துடுப்பைப் பிடித்திருக்கும் கை இன்னும் முறுக்காக இருக்கிறது, ரயில்வே கேரேஜில் இருந்து ரிட்டயர் ஆனவன் என்று சொன்னால் நம்ப முடியாது. மணவாளன் உயிரோடு இருப்பதுதான் இந்த மூன்று பேர் சமாச்சாரத்துக்கு எதிராக ஏகாம்பரத்திடம் இருக்கும் ஒரே சாட்சி. யாமினி பிறந்த சமயம், கோமளா ஆஸ்பத்திரியில் இருந்தாள், ஸ்டுடியோவில் நாலாவது ஆளுக்கு வழியில்லை. கேரேஜில் வேலை செய்த சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள், போனஸ் வாங்கிய சந்தோஷம், ஒரே மாதிரி சட்டை, அதெல்லாம் பார்க்க மாட்டோம் எடுங்கண்ணா என்றார்கள், எடுத்தார். அந்த மாதமே தேவராஜ் என்பவன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். தெரு பேச ஆரம்பித்தது. நடுவில் நின்றது தேவராஜ், ஏகாம்பரம் தெரிந்தே எடுத்தார் என்று பேசியது. தேவராஜின் அம்மா ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று போர்டையே பார்த்துவிட்டுப் போனாள். ஏகாம்பரம் ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேவராஜ் ஓரத்தில் நிற்கிறான். நடுவில் நிற்பவன் மணவாளன், பல்லெல்லாம் தெரிய. பிரிண்ட் போட்டு நாலு பேரிடம் காட்டினார், பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், அப்புறமும் நடுவில் நின்றது தேவராஜ்தான் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் மணவாளனே அப்படித்தான் சொல்கிறான். ஓரத்துல நின்னதுனால நான் தப்பிச்சேண்ணா என்று இன்றைக்கும் சொல்வான், படத்தை அவன் கையிலேயே கொடுத்தபோதுகூட, அது மாத்திப் பிரிண்ட் ஆயிருக்கும் என்றான். குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோமளா மட்டும் ஃபிலிமை ஜன்னலில் பிடித்து ஒழுங்காகப் பார்த்தாள். ஆமாம், அவரு ஓரத்துலதான் நிக்கறாரு என்றாள். அப்புறம், அப்போ ஓரத்துல நின்னாலும் ஆவாதுதான் போல, என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, உடம்பு தேறியதும் யாரோ மூன்று பேருக்கு ஓரத்தில் போய் நின்றாள். அதற்கு அப்புறமும் நின்றுகொண்டேதான் இருந்தாள். சாட்சி கையில் இருந்தும் ஏகாம்பரத்துக்கு என்ன பிரயோஜனம், மணவாளன் அண்டாவைக் கிளறிக்கொண்டிருக்கிறான், இவருக்குப் பயமாக இருக்கிறது. பயம் ஃபிலிமைப் பார்த்துவிட்டா வருகிறது.

அண்ணா, ஒரு போட்டோ எடுங்கண்ணா என்று சதீஷ் வந்து நின்றான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பக்கத்தில் அவன் மனைவி, அவள் இடுப்பில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை. வெயிலில் குழந்தையின் தலை மின்னியது. ஏகாம்பரம் கேமராவைத் தூக்கினார், குழந்தையை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள், வேறெங்கே பிடிப்பார்கள். அவர் வாய் அவரைக் கேட்காமலே கோமளா என்று கூப்பிட்டுவிட்டது. கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாள், அண்டாவைச் சுற்றிக்கொண்டு, வழியில் தோரணத்தை வேடிக்கை பார்ப்பதுபோல ஒரு தடவை நின்று, வந்துகொண்டிருந்தாள். கூழ் டம்ளரோடு யாமினி ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள், நீ போய் உக்காரும்மா, நான் நிக்கறேன் என்றாள். எங்க நிக்கணும்னு உனக்குத் தெரியாது, என்று கையை விடுவித்துக்கொண்டு கோமளா வந்து நின்றாள். ஒரு கை தள்ளி. முந்தானையை முறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள், சரியாக வெட்டு விழும் கோட்டுக்கு அந்தப் பக்கம். படம் எடுத்ததும் சதீஷின் மனைவி கோமளாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். கோமளா குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி நாற்காலிக்குத் திரும்பி நடந்தாள்.

அப்படியானால் அவளுக்கு நம்பிக்கை இருக்கிறது. ஏகாம்பரம் அடுத்து எதை எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை, கரகம் எடுத்துக்கொண்டு வந்தார்கள், அமுக்கினார், சாமி வந்து ஆடினார்கள், அமுக்கினார். இத்தனை வருஷம் வந்தவர்கள் திருப்திக்காக நிற்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூச்சு முட்டுகிற இந்த நிலையில் தெருவைத் தாண்டி வந்து ஒரு குழந்தைக்காக நிற்கிறவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்குமா. இருக்கிறது. அப்புறம் எதற்கு மூன்று பேர் படம் கேட்கிறாள். அவருக்குத் தெரியாதா என்ன, அவள் கணக்கு எப்படிப் போடுவாள் என்று. பால் பொங்கி வழியும்போது ஓடிப்போய்த் தன் கையை வைக்கிற ஜாதி. வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் தான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் தராதவள். நடுவில் அவள் நிற்கத்தான் கேட்கிறாள். வருகிறது ஏதாவது வந்தே தீரும் என்றால் அது தன்னோடு போகட்டும், மற்ற இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று கேட்கிறாள், அல்லது எப்படியும் எனக்குத்தானே எழுதியிருக்கிறது, நான் நடுவில் நின்றால் என்ன நிற்காவிட்டால் என்ன என்று கேட்கிறாள். இரண்டில் எதுவாக இருந்தாலும் நடுவில் அவள்தான். அவளை இழக்க முடியாது என்பது அவ்வளவு எளிய விஷயமாக, சட்டை பட்டனைப் போல, அவருக்குத் தெரிந்தது. உடனே இன்னொன்றும் தெரிந்தது. நிறுத்துகிறவர் அவர். இந்தத் தெருவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். நடுவில் நான் நின்றுவிட்டால் போயிற்று என்று நினைத்தார். நம்பிக்கை இல்லாதவனுக்கு எங்கே நின்றால் என்ன. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கூழ் ஊற்றி முடிந்து, கருவாட்டுக் குழம்பு வாசம் தெருவில் தங்கியிருந்தபோது மூன்று பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். கோமளா பழைய திரையை இறக்கச் சொன்னாள், அருவியும் பாலமும் வரைந்த அந்தத் திரையை இப்போது யாரும் கேட்பதில்லை, சுருட்டி மேலே கட்டியிருந்தது, இறக்கும்போது தூசி கொட்டியது. ஏகாம்பரம் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தினார், லைட்டைப் போட்டார், போட்டதை அணைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார். பிறகு, யாமினி அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம், நான் டைமர் போட்டுட்டு வந்து நடுவுல நிக்கறேன் என்றார், சாதாரணமாகச் சொல்வதுபோல.

"நீங்க ஓடியார்ற ஆளு," என்றாள் கோமளா. "ஓரத்துல நின்னாதான உங்களுக்குச் சுலபம்."

அது தொழில் ரீதியில் சரியான பேச்சு. இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டது. அவர், எனக்கு உயரம் ஜாஸ்தி, நடுவில் நின்றால்தான் படம் அழகாக வரும் என்று ஏதோ முணுமுணுத்தார். யாமினி அம்மாவையும் அப்பாவையும் பார்த்தாள். இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று காலேஜ் படிக்கும்போது அம்மாவோடு சண்டை போட்டவள், இப்போதும் உதட்டில் அந்தச் சிரிப்பு லேசாக இருந்தது. அவர் குனிந்து கேமராவில் பார்த்தார். இடது பக்கம் கோமளா, வலது பக்கம் யாமினி, நடுவில் பாலமும் தூசியும். அந்த இடத்தைத்தான் பார்த்தார், அங்கே யாரும் இல்லாதபோது அது வெறும் இடமாகத்தான் இருந்தது. பட்டனை அமுக்கினார், சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது, ஓடினார். ஓடிச் சேர்வதற்குள் நடுவில் கோமளா இருந்தாள். எப்போது நகர்ந்தாள் என்று தெரியவில்லை, முந்தானையைச் செருகிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். அவர் அவள் தோளைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தார், மூச்சு முட்டுகிறவள் என்று பயந்து மெதுவாகத் தள்ளினார், அவள் அசையவில்லை, நகருங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு இவரை இடித்தாள். அதற்குள் இன்னொரு கை வந்தது. யாமினியின் கை. அம்மாவின் இடுப்பைப் பிடித்து இழுத்து, அப்பாவின் விலாவில் முழங்கையைக் கொடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல், முழு பலத்தோடு. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கோமளா அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், ஏகாம்பரம் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார், விளக்கு வேகமாக மின்னியது, கேமரா தன் வேலையைச் செய்தது.

கோமளாவுக்குத்தான் மூச்சு வாங்கியது, ஸ்டூலில் உட்காரவைத்தார்கள், யாமினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னா விழுந்துகீது பார்க்கலாம் என்றாள். அவர் கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்து காட்டினார். மூன்று தலை, ஆறு கை, யார் கை யார் தோளில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை, எல்லாம் கலங்கி ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தது, பின்னால் பாலம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இன்னொண்ணு எடுக்கலாம்ப்பா, யாரும் ஒழுங்கா நிக்கல என்றாள் யாமினி. முகத்தைத் திருப்பிக்கொண்டு லைட்டை அணைக்கப் போனாள். கோமளா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதுல யாருங்க நடுவுல?" என்று கேட்டாள்.

அவர் பார்த்தார். தெரியவில்லை என்றார். நிஜமாகவே தெரியவில்லை.

"அப்போ இதுவே இருக்கட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போது பிரிண்ட் போட்டு எடுத்துகினு வாங்க, தலமாட்டுல வெச்சிக்கறேன்," என்றாள். பிறகு, "ஓரத்த மட்டும் வெட்டிடாதீங்க," என்றாள்.

ஏகாம்பரம் படத்தைப் பெரிதாக்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நகர்த்திப் பார்த்தார். ஒரு கை தள்ளி யாரும் நிற்கவில்லை. வெட்டுவதற்கு அதில் ஓரமே இல்லை என்று அவளிடம் சொன்னார்.